நான் ஒட்டிக் கொடுத்த இழை

மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு, அதற்கு நேர் கீழே கடையில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா எழுதுவது.

நமக்கு நடுவில் பதினாறு படிகள்தான். அதற்கு ஒரு கடிதமா என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். நேரில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி ஆரம்பிப்பேன். மூன்றாவது வாக்கியத்தில் எங்கிருந்தாவது ஒரு கேலி வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். நீ சிரிப்பாய். நீ சிரித்ததும் நான் இன்னும் இரண்டு எடுத்துவிடுவேன். சொல்ல வந்தது தெருவில் நிற்கும். இருபத்தெட்டு வருஷமாக நம் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கிறது. எழுதினாலும் கேலி வரும்தான். ஆனால் நீ சிரிப்பது என் காதில் விழாது என்பதால், பாதியில் நிற்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

இதை ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. நீ வந்திறங்கிய பத்து நாளில் நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் உன்னைப் பற்றி நான்கு கதைகள் ஓடிவிட்டன. படிப்பு முடிந்து பட்டம் வாங்கிவிட்டாய் என்று ஒன்று. உன்னை அனுப்பிவிட்டார்கள் என்று ஒன்று. அங்கே ஒரு மலையாளத்துப் பையனோடு பழக்கம், அது முறிந்துவிட்டது என்று ஒன்று. இதைக் கிளப்பியது உன் அத்தைதான் என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் இல்லாத அந்தப் பையனின் மீசை வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்காவது கதையில் உனக்கு உடம்பு சரியில்லை. திருவேங்கடத்திலிருந்து உன் சித்தப்பா கஷாயப் பொடி அனுப்பியிருக்கிறார். வீணாக்கக் கூடாது என்று நான் குடித்துவருகிறேன். நான்கு பொய் ஓடுகிற இடத்தில் ஒரு உண்மையையும் விட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. அந்த உண்மையில் குற்றவாளி நான் என்பதால் அது மற்ற நான்கையும்விட வேகமாக ஓடும்.

பத்து நாளைக்கு முன்னால் மதியம் வந்தாய். சாரல் விழுந்துகொண்டிருந்தது. பையை வைத்தாய், சாப்பிட உட்கார்ந்தாய், மோர் ஊற்றிக்கொள்ளும்போது, ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்வது போல, "ஆராய்ச்சி போதும்ப்பா, வெலகுதேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன். ஆய்க்குடிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருங்க" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மோரைப் பார்த்தேன். ஆய்க்குடி வீட்டார் இரண்டு வருஷமாக உன்னைப் பெண் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். பையன் போலீசில் சப் இன்ஸ்பெக்டர், பார்க்கவும் பழகவும் குறை சொல்ல முடியாதவன். ஒவ்வொரு முறையும் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள் நீ. விஷயம் காதில் விழுந்த அரை மணி நேரத்தில் உன் அத்தை ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். "ஏலே, இப்பமாவது அவளுக்குத் தோணுச்சே. ஆறு வருசமா என்னத்தப் படிக்கான்னு கேட்டா, பெத்தவன் ஒனக்கே சொல்லத் தெரியல" என்று என் முதுகில் தட்டினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆய்க்குடி என்ன தூரம், நினைத்தால் ஸ்கூட்டரில் போய் மகளைப் பார்த்துவிட்டு வரலாம். அந்தச் சந்தோஷம் ஆறு நாள் இருந்தது. ஏழாவது நாள் குற்றாலத்தில் அதன் உயிர் போனது. அங்கே போவதற்கு முன், என்னத்தைப் படிக்கிறாய் என்று உன் அத்தை கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்த காரியத்தின் அருமை யாருக்கும் விளங்காது.

நானும் நீயும் ஒரே பொருளில்தான் பிழைக்கிறோம், தலைமயிர் கனத்துக் கண்ணாடி இழையில். தென்காசியிலிருந்து குற்றாலம் வரை வீட்டுக்கும் லாட்ஜுக்கும் இணையம் போவது என் ஃபைபரில். சீசன் வந்துவிட்டால் ஐந்தருவிப் பக்கம் குரங்குகள் ஒயரில் ஊஞ்சலாடி, அலுத்துப்போனால் கடித்து அறுத்துப்போடும். லாட்ஜ்காரர்கள் போனில் என் பரம்பரையை விசாரிப்பார்கள். நான் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, அறுந்த இழையின் இரண்டு முனையையும் சுத்தமாக நறுக்கி, நேருக்கு நேர் வைத்து, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டிவிட்டு வருவேன். ஜாயின்ட் போடுவது என்று இதற்குப் பெயர். என் தொழிலின் மொத்த வேதமும் ஒரே வரி: உள்ளே போன வெளிச்சம் ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது.

நீயோ அதே இழையைச் சின்னச் சுடரில் காட்டி, இரண்டு பக்கமும் மெல்ல இழுத்து, நடுவில் ஒரு தலைமயிரை நூறாக வகிர்ந்தால் வரும் அளவுக்கு மெலிய வைக்கிறாய். அத்தனை மெலிந்தால் வெளிச்சத்துக்கு உள்ளே இடம் போதாது, கொஞ்சம் வெளியே தளும்பிக்கொண்டேதான் போகும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் உன் படிகத்தைக் கொண்டுபோகிறாய். படிகம் என்றதும் நான் கல்கண்டை நினைத்திருந்தேன். நீ காட்டிய போட்டோவில் அது பூந்திக் கரண்டி மாதிரி இருந்தது. கண்ணுக்கெட்டாத சிலிக்கான் தகட்டில் வரிசை வரிசையாக ஓட்டை, நடுவில் மட்டும் மூன்று ஓட்டை போடாமல் விட்டிருந்தது. மறந்துவிட்டார்களா என்று கேட்டேன். "அந்த மறந்த எடத்துலதான்ப்பா வெளிச்சம் மாட்டிக்கிட்டு நிக்கும்" என்றாய். அப்புறம் ஐந்தருவிப் பாலத்தில் நிற்கும்போது எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாய்: "அருவிக்குள்ள போகாமலே சாரல்ல நனையுதோம்லா, அந்த மாரிதான். அருவி ஃபைபரு. தள்ளி நிக்க ஆளு படிகம். ரொம்பத் தள்ளிப் போனா நனையாது, உள்ள போயிட்டா அடிச்சுத் தள்ளிரும். எங்கன நிக்கணுங்கதுதான் என் படிப்பு." சரியான இடைவெளியில் நிறுத்தினால் ஒரே ஒரு நிறத்து வெளிச்சம் மட்டும் இழையிலிருந்து படிகத்துக்குள் இறங்கிவிடும். திரையில் ஓடும் கோட்டில் அந்த நிறத்துக்கு நேராக ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் உன் ஆறு வருஷம். எல்லாம் புரிந்த மாதிரி நான் தலையாட்டினேன். எவ்வளவு புரிந்தது என்பதற்குத்தான் போன வருஷம் சாட்சி.

போன வருஷம் இதே சீசன். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் உன் ஆராய்ச்சி நிலையத்தில் ஜாயின்ட் மெஷின் பழுதாகி சர்வீசுக்குப் போயிருந்தது. திங்கட்கிழமை மூன்று பேராசிரியர்கள் உன் வேலையைப் பார்க்க வருகிறார்கள், அவர்கள் முன்னால் அந்தப் பள்ளத்தைக் காட்டியாக வேண்டும். அப்பாவிடம்தான் மெஷின் இருக்கிறதே என்று, வாரக்கணக்கில் இழுத்து இழுத்து, உடையாமல் தப்பிய ஒரே இழையைக் கவட்டை மாதிரி ஒரு தாங்கியில் ஒட்டி, டிபன் டப்பா அளவு பெட்டியில் அடைத்து, ஆரியங்காவு வளைவெல்லாம் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாய். சனிக்கிழமை மாலை என் மேசையில் உட்கார்ந்து, இழையின் இரண்டு நுனியிலும் கருவியில் செருகும் ஒயரை நீயே ஒட்டினாய். உன் கை அசையாமல் நின்ற அழகைக் காட்டுவதற்காக நான் அடுப்படியிலிருந்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். ஞாயிறு காலை, கூட்டம் சேருவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறோம் என்று நீங்கள் இருவரும் குற்றாலம் போனீர்கள். நானும் பெட்டியும் வீட்டில்.

பெட்டி மேல் ஆங்கிலத்தில் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தாய். அது உன் அம்மாவுக்காக எழுதியது என்று நான் எடுத்துக்கொண்டேன். மகள் போட்ட ஜாயின்ட்டை இன்னொரு தடவை பார்க்கலாமே என்கிற ஆசையைத் தவிர வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை. திறந்தேன். கவட்டையின் இந்தக் கையிலிருந்து வந்த இழை மெலிந்து மெலிந்து காற்றில் முடிந்திருந்தது. அந்தக் கையிலிருந்து வந்ததும் அப்படியே. நடுவில் ஒன்றுமே இல்லை. நீ மெலிய வைப்பாய் என்று தெரியும். ஆனால் மெலிந்தது என்றால் நூலாம்படை மாதிரியாவது தெரியும் என்றுதான் என் புத்தி நினைத்திருந்தது, கண்ணுக்கே தெரியாமல் மெலியும் என்பது அதற்கு எட்டவில்லை. முப்பது வருஷமாக ஒயரோடு மல்லுக்கட்டியவனுக்கு, நடுவில் ஒன்றும் இல்லாத இழைக்கு ஒரே அர்த்தம்தான். அறுந்துவிட்டது. மலைப்பாதையில் பஸ் குலுங்கியதில் போயிருக்கிறது, பாவம் பிள்ளைக்குத் தெரியாது. நிச்சயம் செய்துகொள்வதற்காக அந்தக் காலி இடத்தில் ஆள்காட்டி விரலை விட்டு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அது நிஜமாகவே அறுந்தது. உன் ஐந்து வார உழைப்பு என் விரலில் பட்டு அறுந்தபோது, ஈ உட்கார்ந்த அளவுகூட எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து நான் செய்ததை விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நான் ரொம்ப நன்றாக வேலை செய்தேன். மெலிந்த இரண்டு வால்களையும் கழிவு என்று நறுக்கிப் போட்டேன். பக்கத்தில் நீ சுற்றி வைத்திருந்த மிச்ச இழையைத் தளர்த்தி, முழுக் கனத்தில் இரண்டு முனை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, மெஷினில் வைத்து ஜாயின்ட் போட்டேன். திரையில் சேதாரம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. அப்படி ஒரு எண் எனக்கு வருஷத்தில் ஒரு தடவை வந்தால் பெரிது. மறுபடி கவட்டையில் ஒட்டி, பெட்டியை மூடி, உன் டேப்பையே திரும்ப ஒட்டி, கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது நீங்கள் ஈரத் தலையோடு வந்தீர்கள். சொன்னால் நீ பதறுவாய், திங்கட்கிழமை பதற்றத்தோடு போய் நிற்பாய் என்று சொல்லவில்லை. மகளுக்குத் தெரியாமல் மகளுடைய ஆபத்தைத் தீர்த்துவைத்த தகப்பனின் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மாலை போன் செய்து, எல்லாம் நல்லபடியா என்று கேட்டேன். "வெளிச்சம் நல்லாப் போச்சுப்பா, கொஞ்சம்கூடச் சிந்தல" என்றாய். எனக்கு அது போதாதா? ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் டீக்கடையில் ஆரம்பித்தேன். கேரளத்து ஆராய்ச்சி நிலையத்தில் நிற்பது தென்காசி ஜாயின்ட். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருக்கும்போது, உன்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அறுந்து கிடந்ததையும் நான் காப்பாற்றியதையும் நடித்தே காட்டினேன். ரகசியத்தை இப்போதுதான் உடைக்கிறேன் என்று உன் பக்கம் திரும்பிக் கண்ணடித்தேன். நீ அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே, "எங்க அப்பா ஜாயின்ட்டு பிரியவே பிரியாது" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த அதிரசம் உன் தொண்டையில் எப்படி இறங்கியது என்று இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழுகை வரவேண்டும், ஆனால் எரிச்சல்தான் வருகிறது.

ஏழாவது நாள் குற்றாலத்துக்கு வருகிறேன். ஒரு லாட்ஜில் குரங்கு கைவரிசை. வேலையை முடித்துவிட்டு வாசலில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "அங்கிளே" என்று ஒரு குரல். உன் பக்கத்து மேசைத் தோழி அஞ்சு, குடும்பத்தோடு குளிக்க வந்திருக்கிறாள். தோளில் கிடந்த மெஷினை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் சும்மா இருக்கக் கூடாதா? இதுதான் உங்கள் நிலையத்தையே காப்பாற்றிய மெஷின் என்று ஆரம்பித்தேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவ இன்னும் ஒங்ககிட்ட பறஞ்சில்லையா அங்கிள்?" என்றாள். பறையவும் இல்லை, சொல்லவும் இல்லை என்றேன். அவளுடைய அம்மா அருவிக்கு அவசரப்படுத்த, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டாள்.

போன வருஷம் அந்தத் திங்கட்கிழமை மலையில் மண் சரிந்து பஸ் தாமதமாம். வந்த வேகத்தில் பெட்டியைப் பிரித்து நேராகக் கருவியில் மாட்டியிருக்கிறாய். மூன்று பேராசிரியர்களும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நூலிழை தெரிய வேண்டிய இடத்தில் உலக்கை மாதிரி ஒன்று கிடந்ததாம். லேசரைப் போட்டதும் வெளிச்சம் இந்தக் காதில் புகுந்து அந்தக் காதில் வந்த மாதிரி முழுசாகப் போனது. படிகத்தை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் பள்ளம் இல்லை. சிந்தினால்தானே இறங்கும்? பார்த்த நொடியில் உனக்குத் தெரிந்துவிட்டது, இது யார் கைவேலை என்று. நீ அவர்களிடம், இழையை மாற்றிக் கொண்டுவந்துவிட்டேன், என் கவனக்குறைவு என்றாய். அதை அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். நுணுக்கமான பொருளைக் கையாள்வதில் கவனம் போதாது, ஒரு வருஷம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி பார்ப்போம் என்று. அந்த மறுமுறை வருகிற வியாழக்கிழமை. புது இழை இருக்கிறது, படிகம் இருக்கிறது, உனக்கு வழிகாட்டும் பேராசிரியர் புதன்கிழமை முழுக்கக் கருவியை உனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார். ஆனால் மூன்று மாதமாக நீ இழையைப் படிகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாய், கடைசி அடியில் கையை எடுத்துவிடுகிறாய். அஞ்சு கடைசியாகச் சொன்னதுதான் என்னை லாட்ஜ் வாசல்படியில் உட்கார வைத்தது. "அவ சும்மா சொன்ன பொய்ய இப்ப அவளே விசுவசிக்கா அங்கிள். என் கைக்கு இது வராதுன்னே சொல்லுதா."

ஏட்டி, இப்போது கேட்கிறேன். போன வருஷம் அந்தத் திங்கட்கிழமை மாலை போனில் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? பெட்டியை எதுக்குத் தொட்டிய, ஒங்களை யார் கேட்டா, அஞ்சு வருசப் படிப்ப விரலால ஆட்டிட்டியளே என்று கத்தியிருந்தால், நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சாப்பிட்டிருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். உன் வாயை அடைத்தது எது என்று அஞ்சுவிடம் கேட்டேன். சொல்லிவிட்டாள். அந்த வருஷம்தான் எனக்குக் கண்புரை எடுத்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் போட்ட ஜாயின்ட்டுகள் வரிசையாக விட்டுக்கொண்டன. அண்ணாச்சிக்குக் கண்ணு போச்சு என்று லாட்ஜ்காரர்கள் வேறு ஆள் தேடினார்கள். நான் கடையில் உட்கார்ந்து மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிலைமையில், இழை இருந்தும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் இவர் இனி மெஷினையே தொடமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் அஞ்சு சொல்கிறாள், அந்த மெலிந்த இடம் இருபது வயதுக் கண்ணுக்கும் தெரியாதாம், பூதக்கண்ணாடியும் வெளிச்சமும் வேண்டுமாம். இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துத் திட்டியிருந்தால் என் மானமும் மிஞ்சியிருக்கும், உன் ஒரு வருஷமும் மிஞ்சியிருக்கும். அவ்வளவு படித்தவளுக்கு இது தோன்றவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல, நம் இருவருக்கும்தான். நீ பன்னிரண்டாவது முடித்தபோது பிரவுசிங் சென்டரில் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு என்னைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாய். பாடம் என்ற இடத்தில் இயற்பியல் என்று இருந்தது. பிள்ளை அவசரத்தில் தப்பாக அமுக்கிவிட்டாள் என்று கம்ப்யூட்டர் என்று மாற்றிவிட்டேன். நம் தெருவில் யாரும் வேண்டுமென்றே இயற்பியல் எடுத்து நான் பார்த்ததில்லை. நீ திரும்பி வந்து பார்த்தாய், நான் சில்லறை எடுக்கத் திரும்பிய நேரத்தில் மறுபடி இயற்பியல் ஆக்கிவிட்டு அனுப்பினாய். கல்லூரி திறந்த முதல் நாள்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, சாமர்த்தியக்காரி என்று பெருமைப்பட்டேன். அதுதான் தப்பு. உடையாத எதையும் கண்டால் சரிசெய்துவிடுவது என் குணம். நான் சரிசெய்ததைச் சத்தமில்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருவது உன் குணம். அறிவாளிகள் இருவர் ஒரே வீட்டில் இப்படிப் பத்து வருஷம் காலம் தள்ளியிருக்கிறோம். விண்ணப்பத்தைத் திரும்ப மாற்ற முடிந்தது. இழையைத் திரும்ப மாற்ற முடியவில்லை. அதனால் நீ உன்னையே மாற்றிக்கொள்ளப் பார்க்கிறாய், கவனமில்லாதவளாக.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் களைந்த அரிசியை உலையில் போட்டுவிட்டு, "இதையும் நீங்களே சரிபண்ணப் போயிராதிய" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதற்குள் நான் மனசுக்குள் மூன்று காரியம் செய்து முடித்திருந்தேன். மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து உன் பேராசிரியர் முன்னால் போய் நிற்பது. திரும்பி வந்ததும் ஆய்க்குடிக்குப் போய், இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுவது. அந்த மூன்று பேராசிரியர்களுக்கும் தனித்தனியாகப் போன் போடுவது. மூன்றும் நல்ல காரியம்தான், அன்றைக்குப் போட்ட ஜாயின்ட் மாதிரி. மூன்று நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். குரங்குகூட ஒயரைக் கடிக்க மாட்டேன் என்கிறது. சும்மா இருப்பது இத்தனை அலுப்பான வேலை என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஆய்க்குடிப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் நல்லவன். நாளைக்கே நீ அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஆசையோடு சொன்னால் நான் பந்தல்காரனைத் தேடிப் போகிறேன். ஆனால் ஒளிந்துகொள்ள இடம் தேடி ஒருவன் வீட்டுக்குப் போகாதே, அது அவனுக்குச் செய்கிற துரோகம். அப்புறம், அவன் உன் பெட்டியைத் திறந்தால், உன் சம்பளத்தில் கை வைத்தால், உன் பேச்சுக்குக் குறுக்கே பேசினால், என்னிடம் நடந்துகொண்ட மாதிரி சிரித்துக்கொண்டே அதிரசம் தின்னாதே. முதல் தடவையே கத்து. போலீஸ்காரனுக்குச் சத்தம் பழக்கம்தான், தாங்கிக்கொள்வான். நம் மேல் பிரியம் உள்ளவர்கள் செய்கிற கெடுதியை விழுங்கிவிடுவதுதான் மரியாதை என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான். என் அப்பா என்னிடம் கேட்காமல் செய்த காரியங்களை நான் எப்படி விழுங்கினேன் என்று உன்னை மடியில் வைத்துக்கொண்டு கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் சிரிக்கச் சிரிக்க. நீ சிரித்துவிட்டுக் கற்றுக்கொண்டாய்.

குழுவில் போடுவதற்கு முன் உன் கதவுக்கு அடியில் தள்ளப்போகும் இந்தக் கடிதத்தோடு ஒரு உறை இருக்கும். உள்ளே உன் பேராசிரியருக்கு நான் எழுதிய ஒரு பக்கம். பெட்டியைத் திறந்தது யார், விரலை விட்டது யார், மெலிந்த பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு முழு இழையை ஒட்டியது யார் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் ஆங்கிலத்தில்தான், பிழைகளுக்கும் சேர்த்து நானே பொறுப்பு. இந்தக் கடிதத்தை ஊரே படித்தாலும் அவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே அவருக்குத் தெரிவதும் தெரியாததும் உன் கையில். உறையை ஒட்டவில்லை. படித்துப் பார், கொடுக்க வேண்டும் என்றால் கொடு, கிழிக்க வேண்டும் என்றால் கிழி. இரண்டில் எதைச் செய்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்பேன், ஆனால் நீ பதில் சொல்ல வேண்டாம்.

புதன்கிழமை காலைக்குள் அங்கே இருக்க வேண்டும் என்றால் நாளை நீ கிளம்பியாக வேண்டும். போகச் சொல்லவில்லை. போனால் பஸ் நிலையம் வரை வர மாட்டேன், பையைத் தூக்க மாட்டேன், உன் பொருள் எதையும் பார்க்கக்கூட மாட்டேன். அங்கே போய், கடைசி அடியில் கையை எடுக்காமல் இழையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார். பள்ளம் விழாமலே போகலாம். இழை உடையலாம், படிகம் சொதப்பலாம், உன் கைக்கு இது வராது என்பதே நிஜமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டு வா, ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் அது உன் கையால் விழாத பள்ளமாக இருக்க வேண்டும். என் விரலால் விழாமல் போன பள்ளத்துக்காக நீ தோற்றுப்போனதாக இந்த வீட்டில் யாரும், நீ உட்பட, சொல்லக் கூடாது.

கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் ஒரு வருஷப் பாக்கி ஒன்று இருக்கிறது. கடையில்தான் இருக்கிறேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறேன், வாடிக்கையாளர் யாரும் வர மாட்டார்கள். உன் அம்மாவைத் தூது அனுப்பாதே. இறங்கி வந்து, எதிரே நின்று, சிரிக்காமல் திட்டு. நானும் சிரிக்க மாட்டேன்.